ஜூலை இருபதில் எதுவும் நடக்கவில்லை

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர், உட்காருவதற்கு முன்பே ஒரு தகவலைச் சொன்னார்.

"இன்னிக்கு ஜூலை இருபது. மனுஷன் நிலாவுல எறங்கின நாள்."

"வாங்க. நீங்க எங்கேர்ந்து எறங்கறீங்க?" என்றேன்.

அண்ணி என்னை முறைத்தார். வந்தவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அலுவலகம் என்று நான் சொன்னது பெருமைக்காக. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு மேஜை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். வருகிற கட்சிக்காரருக்கு அதைத்தான் போடுவோம். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்வது கஷ்டம் என்பது அண்ணியின் கொள்கை. அண்ணி பதினோரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மனுக்களைச் சரிபார்த்தவர். தானே பற்றிக்கொண்ட கடைகள், பூட்டிய பீரோவிலிருந்து தொலைந்த நகைகள், இறந்த பிறகும் காலை நடை போகிற மனிதர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து அலுத்து, சொந்தமாகத் துப்பறிய வந்துவிட்டார். நான் அவர் கணவரின் தம்பி. உதவியாளர், டிரைவர், டீ வாங்குகிறவர் என்று மூன்று பதவி வகிக்கிறேன். சம்பளம் மட்டும் ஒன்று.

"நான் தேதி சார்," என்றார் வந்தவர். பெயரைச் சொல்லவில்லை. அது தேவைப்படாது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

உண்மையிலேயே தேவைப்படவில்லை. தினசரியின் எட்டாம் பக்கத்தில், குறுக்கெழுத்துப் போட்டிக்கு மேலே 'இதே நாளில்' என்று ஒரு பெட்டி வரும். தினம் நான்கு நிகழ்வுகள். எந்த ராஜா செத்தார், எந்தக் கப்பல் மூழ்கியது, எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்து நம் பாடப் புத்தகத்தைத் தடிமனாக்கினார் என்று எல்லாம் இருக்கும். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டி இவர் பொறுப்பு. சலூனிலும் பேருந்திலும் இவரை யாரும் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

தேதி சார் ஒரு தடித்த புத்தகத்தை மேஜைமேல் போட்டார். 'ஆண்டு முழுவதும்' என்று தலைப்பு. கீழே, 'தொகுத்தவர்: ஒருவர்'.

"என் பெட்டியை அப்படியே புஸ்தகமாப் போட்டுட்டான் மேடம். முந்நூத்தி அறுபத்தாறு நாளும்."

"அப்ப நீங்கதானே அவங்க மேல கேஸ் போடணும்?" என்றார் அண்ணி.

"அங்கதான் கூத்தே இருக்கு. அவன் எங்க மேல நோட்டீஸ் விட்டிருக்கான்!"

நோட்டீஸை அண்ணி வாங்கிப் படித்தார். அதன் சாரம் இதுதான்: தங்கள் நாளிதழில் வரும் பகுதி என் கட்சிக்காரரின் உழைப்பு. கையால் எழுதிய மூல அட்டைகள் அவர் வசம் உள்ளன. இன்றிலிருந்து இருபத்து மூன்று நாட்களுக்குள் தக்க பதில் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை. கட்சிக்காரர் பெயர் வர வேண்டிய இடத்திலும் 'ஒருவர்' என்றே இருந்தது. தேதி ஜூன் இருபத்தேழு.

"எங்க ஆசிரியர் சொல்லிட்டார். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இது என்னோடதுன்னு நிரூபிக்கணும். இல்லேன்னா பெட்டியும் கெடையாது, நானும் கெடையாது." அவர் குரல் திடீரென்று இறங்கியது. "வேலை போனாக்கூடப் பரவாயில்ல மேடம். தேதி சார் இல்லேன்னா நான் யாரு?"

என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அவர் கண்ணைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"நடந்த விஷயத்தை யார் வேணா எழுதலாமே. உங்ககிட்டேர்ந்துதான் எடுத்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் அண்ணி.

தேதி சார் நிமிர்ந்தார். தொழில் ரகசியம் சொல்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிமிர்வார்கள். "எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. நிலாவுல எறங்கினது யாரோட சொத்தும் இல்ல. அதனால நடுநடுவே ஒரு பொய்யைப் பொதைச்சு வெப்போம். எவனாவது பாக்காமக் காப்பி அடிச்சா அந்தப் பொய்யோட மாட்டிக்குவான். நான் வருஷத்துக்குப் பன்னெண்டு பொய் வெக்கிறேன். இன்னிக்குக்கூட ஒண்ணு இருக்கு, பாருங்க."

அன்றைய பேப்பரை விரித்தார். முதலில் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு, 1944. பிறகு நிலா, 1969. பிறகு செவ்வாய்க் கிரகத்தில் விண்கலம், 1976. நான்காவது இப்படி இருந்தது: 'ஒரு துறைமுக நகரின் கோபுரத்தில் இரண்டு மணிகள் பொருத்தப்பட்டன. ஒன்று மட்டுமே ஒலித்தது.'

"மணி விஷயம் சுத்தப் பொய்," என்றார் பெருமையாக. "போன தடவை இது வந்தப்ப ஒருத்தர் லெட்டர் போட்டார். அந்தச் சத்தத்தை அவங்க பெரியப்பா நேர்ல கேட்டிருக்காராம்."

"எந்த மணியோட சத்தத்தை?" என்றேன்.

"தம்பி, நீ சும்மா இரு," என்றார் அண்ணி. "சரி, புத்தகத்துல உங்க பொய் மாட்டிச்சா?"

"அதான் மேடம் வயித்தெரிச்சல். பன்னெண்டுல ஒண்ணுகூட இல்ல. மத்ததெல்லாம் இருக்கு."

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்தால் கதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "அப்ப எடுத்தவங்களுக்கு எது பொய்னு தெரியும். யார்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல. லிஸ்ட்டு என் பாக்கெட் டைரியில இருக்கு. டைரி என் பாக்கெட்ல இருக்கு."

"ஆபீஸ்ல பிழை திருத்தறவர்?"

"அவர் படிச்சுட்டுத் திருத்தற ஆள் இல்ல."

"வீட்ல?"

"வீட்ல யாரு மேடம் இருக்கா, என் சம்சாரம்தான்," என்று அவர் சிரித்தார். "நீங்க வெளியாளைப் பத்திக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

எனக்குப் பிழை திருத்துபவர்மேல் சந்தேகம் விழுந்தது. துப்பறியும் வேலையில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு. நான் யாரைச் சந்தேகப்படுகிறேனோ அவர் நிரபராதி. அண்ணி இதை நம்பி ஆட்களைக் கழித்துக்கொண்டே வருவார்.

தேதி சார் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆளு அரைவேக்காடு மேடம். இன்னிக்குத் தேதியைப் பாருங்க."

ஜூலை 20 என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. 'இந்நாளில் குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் நடைபெறவில்லை.'

"நிலாவையே விட்டுட்டான்!" என்று தேதி சார் தொடையில் தட்டிச் சிரித்தார். நாற்காலி ஆடியது.

அண்ணி சிரிக்கவில்லை.

* * *

பத்திரிகை அலுவலகத்துக்குப் போனபோது பன்னிரண்டு மணி. ஆசிரியர் தன் கண்ணாடி அறையிலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். ஐந்து மணி ஞாபகம் இருக்கட்டும் என்று பொருள். பேச்சில் மிச்சம் பிடிக்கிற மனிதர்.

தேதி சாரின் மேஜை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. பிழை திருத்துபவர் எதிரே உட்கார்ந்து முழங்கையில் தலை வைத்திருந்தார். திருடுவதற்கு முதலில் படிக்க வேண்டும், அதற்கு முன்னால் விழித்திருக்க வேண்டும். என் சந்தேகம் வழக்கம்போல அவரைக் காப்பாற்றிவிட்டது.

"உங்க அட்டைகளைக் காட்டுங்க," என்றார் அண்ணி.

தேதி சார் இடுப்பிலிருந்த சாவியால் டிராயரைத் திறந்தார். உள்ளே ஏழு அட்டைகள் இருந்தன. பள்ளி நோட்டு அகலத்துக்கு இருந்த ஒவ்வொன்றிலும் இருபது முப்பது நிகழ்வுகளைப் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தது. இந்த வருடத்துக்கான நான்குக்கு மட்டும் சிவப்பு மையில் டிக்.

"ஏழுதானா? மீதி?"

"வீட்ல பத்திரமா இருக்கு. ஞாயித்துக்கெழமை அடுத்த வாரத்துக்கானதைக் கொண்டுவருவேன், பழசைத் திருப்பி வெச்சுருவேன்."

எனக்கு ஓர் ஆசை வந்தது. "சார், என் பொறந்தநாள் அக்டோபர் எட்டு. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"அக்டோபரா?" அவர் கழுத்தைச் சொறிந்தார். "அது இன்னும் வரலையே தம்பி."

"வரலாறுன்னா நடந்து முடிஞ்சதுன்னு நெனச்சேன்."

"அட்டை வரலைன்னு சொன்னேன்."

அண்ணி ஜூலை இருபதின் அட்டையை எடுத்து முன்பக்கத்தைப் படித்தார். பிறகு சும்மா திருப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால் வருடங்களை வரிசையாக எழுதியிருந்தது. பத்தொன்பது வருடம், பத்தொன்பது வரி. ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே ஒரே சொல், 'இல்லை'. கடைசி வரியில், இந்த வருடத்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"இது என்னங்க?"

தேதி சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அதை முதன்முறையாகப் பார்க்கிறார் என்பது எனக்கே புரிந்தது. "பழைய அட்டை, ஏதோ கிறுக்கல். விஷயம் முன்பக்கந்தான் மேடம்."

"பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லையா?"

"எதுக்குப் பாக்கணும்?"

அண்ணி அந்த அட்டையைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். உங்க வீட்டுக்குப் போலாம், வாங்க."

"வீட்டுக்கா? திருடன் வீட்லயா இருக்கான்?"

"அட்டை அங்கதானே இருக்கு. அதைப் பார்க்காம அஞ்சு மணிக்கு எதைக் காட்டுவீங்க?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. முன்னால் அவர் தன் ஸ்கூட்டரில் வழிகாட்ட, நாங்கள் காரில் பின்தொடர்ந்தோம். வழியில் என் ஃபோன் அடித்தது. பேசியது என் அண்ணன், அதாவது அண்ணியின் கணவர்.

"அண்ணி, வீட்ல கண்ணாடியைக் காணோமாம். எங்க வெச்சேன்னு உங்களைக் கேக்கச் சொல்றார்."

"மூக்கு மேல பார்க்கச் சொல்லு."

சொன்னேன். எதிர்முனையில் இணைப்பு அறுந்தது. கேஸ் முடிந்தது.

"தம்பி, வக்கீல் நோட்டீஸ்ல வழக்கமா எத்தனை நாள் கெடு குடுப்பாங்க?"

"பதினஞ்சு. இல்ல முப்பது."

"இதுல இருபத்து மூணு. ஏன்?"

"வக்கீலுக்குக் கணக்கு வராதோ என்னவோ."

"நோட்டீஸ் தேதி ஜூன் இருபத்தேழு. எண்ணிப் பாரு."

ஸ்டியரிங்கிலேயே விரல் விட்டு எண்ணினேன். ஜூன் மூன்று நாள், ஜூலை இருபது நாள். "இன்னிக்கு முடியுது அண்ணி."

"இன்னிக்கு முடியணும்னே யாரோ எண்ணி வெச்சிருக்காங்க. அதே இன்னிக்குத் தேதியிலதான் புத்தகத்துல ஒண்ணுமே நடக்கலன்னு இருக்கு. முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளைத் தப்பில்லாமத் தொகுத்தவங்களுக்கு நிலா மறந்துபோகுமா? வேணும்னே விட்டிருக்காங்க. அவங்களுக்கு நிலாவைவிட முக்கியமான ஏதோ ஒண்ணு இந்த நாள்ல நடந்திருக்கு. அதை யாரோ கண்டுக்கல."

"யாரு கண்டுக்கல?"

அண்ணி முன்னால் போகிற ஸ்கூட்டரைப் பார்த்தார். தேதி சார் இண்டிகேட்டரை வலப்பக்கம் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

* * *

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். வலது ஆள்காட்டி விரலில் சிவப்பாக ஏதோ கறை. எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. சொல்லப்போனால், இவ்வளவு நேரமா என்று கேட்பது போலப் பார்த்தார்.

"ஏம்மா, இவங்க துப்பறியறவங்க. டீ போடு. அந்த அட்டைப் பெட்டி எங்க இருக்கு?"

"எந்தப் பெட்டி?"

"அதாம்மா, என் அட்டையெல்லாம் இருக்குமே."

"உங்க அட்டையா?" அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "எத்தனை பெட்டின்னு சொல்லுங்க, எடுத்துத் தரேன்."

தேதி சார் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்று தோளைக் குலுக்கினேன்.

"ரெண்டு," என்றார் துணிந்து.

"நாலு. எங்க இருக்கும்?"

"பீரோவுல."

"தையல் மிஷினுக்குக் கீழ."

பத்தொன்பது வருடமாகப் பொக்கிஷம் காத்த மனிதருக்கு அது எந்த அறையில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. அந்த அம்மா உள்ளே போனார். அண்ணி என் காதருகே, "டைரி லிஸ்ட்டை வாங்கிட்டுச் சுவரைச் சுத்திப் பாரு," என்றார்.

பன்னிரண்டு பொய்களின் தேதிகளோடு கூடத்தைச் சுற்றினேன். அலமாரிக்கு மேலே சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். நூலகப் படிப்பில் முதலிடம், தேதி மார்ச் மூன்று. லிஸ்ட்டில் மார்ச் மூன்று இருந்தது. அறை வாசல் நிலையில், இப்போது வெளியூரில் படிக்கிற மகனின் உயரத்தை வருடா வருடம் பென்சிலால் கோடிட்டிருந்தார்கள். எல்லாக் கோட்டிலும் அக்டோபர் பதினொன்று. அதுவும் இருந்தது. பிறகு சோபாவுக்கு மேலே ஒரு கல்யாண ஃபோட்டோ. கறுப்புத் தலைமுடியோடு தேதி சார், பக்கத்தில் கொஞ்சமாகச் சிரிக்கிற ஒரு பெண். கீழ்மூலையில் ஸ்டூடியோக்காரர் வெள்ளை மையில் தேதி போட்டிருந்தார். இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலை இருபது.

நான் வாயைத் திறந்தேன். வாழ்நாளில் முதன்முறையாக அதிலிருந்து கிண்டல் எதுவும் வரவில்லை.

அந்த அம்மா நான்கு ஷூ பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார்.

"தேதி சார்," என்றார் அண்ணி. "இந்தப் பன்னெண்டு தேதியையும் தேர்ந்தெடுத்தது நீங்கதானா?"

"ஆமா மேடம். கண்ணை மூடிட்டு ஏதாவது ஒரு தேதி..."

"கண்ணை மூடிட்டிருந்தீங்க, அதை நம்பறேன். இன்னிக்கு என்ன நாள்?"

"ஜூலை இருபது. மனுஷன் நிலாவுல..."

"அது நிலாவுல. இந்த வீட்ல என்ன நடந்துச்சு?"

அவர் குழப்பமாக மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஃபோட்டோவைப் பார்த்தேன். அவர் கண்ணும் அங்கே போனது, வெள்ளை மையில் நின்றது. அந்த மனிதர் உட்கார்ந்த வேகத்தில் சோபா முனகியது.

"கல்யாணத்தன்னிக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னார்," என்றார் அந்த அம்மா அண்ணியிடம். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நிலாவுல எறங்கின நாள்ல கட்டிக்கறேன், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்னார். சொன்ன வார்த்தையில பாதியைக் காப்பாத்திட்டார். நிலா ஞாபகம் இருக்கு."

"அப்ப அந்த அட்டையெல்லாம்..." என்றேன்.

"நான் எழுதினதுதான். லைப்ரரி வேலையைக் கல்யாணத்தோட விட்டேன், படிக்கறதை விட முடியல. ஞாயித்துக்கெழமையானா 'அடுத்த வாரத்துக்கு ஆச்சா?'ன்னு கேப்பார். தேய்ச்ச சட்டையைக் கேக்கற மாதிரி. பொய் வெக்கறதும் என் யோசனைதான். எங்க வெக்கறதுன்னு பார்த்தேன். இந்த வீட்ல யாரும் கவனிக்காத நாள் பன்னெண்டு இருந்துச்சு, அங்க வெச்சேன்."

"நான் சுருக்குவேன்ல," என்றார் தேதி சார் ஈனக்குரலில். "நீ நாலு வரி எழுதுவே, நான் ஒரு வரியாக்குவேன்."

"நல்லாச் சுருக்குவார்," என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார். "போன வருஷம், பெட்டிக்குக் கீழ என் பேரைச் சின்னதாப் போடச் சொன்னேன். இடம் இல்லைன்னார். அதான் இடம் இருக்கற எடமாப் பார்த்து, புஸ்தகமாப் போடக் குடுத்தேன்."

"அங்கயும் உங்க பேரைப் போடலையே அக்கா?" என்றார் அண்ணி.

"போட்டா அன்னிக்கே இவர் வேலை போயிரும்."

"ஆனா நோட்டீஸ்?"

"இருபத்து மூணு வருஷம். வருஷத்துக்கு ஒரு நாள்னு கெடு குடுத்தேன். இன்னிக்குக் காலைல ஒரு வார்த்தை, நம்ம நாளாச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வக்கீலுக்கு ஃபோன் போட்டு வேண்டாம்னிருப்பேன். எட்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கிட்டே என்ன சொன்னார் தெரியுமா? 'திருடனைப் பிடிக்கப் போறேன், சாப்பிட லேட்டாகும்.'"

 அந்த அம்மா பெட்டிகளைத் தேதி சார் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போங்க. உங்களோடதுன்னு காட்டுங்க. நான் வந்து மறுத்துப் பேச மாட்டேன், நோட்டீஸையும் வாபஸ் வாங்கிக்கறேன். வேலை இருக்கும், தேதி சாரும் இருப்பார்."

"ஏன் அக்கா?" அண்ணியின் குரல் உடைந்திருந்தது. பதினோரு வருடம் பொய் மனுக்களைப் படித்தவருக்கு உண்மையான மனுவைக் கண்டால் தாங்காது.

"எனக்கு வேண்டிய பதில் கெடைச்சிருச்சும்மா," என்றார். பிறகு டீ போட உள்ளே போனார். வந்தவர்களுக்கு டீ தராமல் அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை போலும்.

* * *

ஐந்துக்குப் பத்து நிமிடம். ஆசிரியர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். தேதி சார் நான்கு பெட்டிகளையும் மார்போடு அணைத்தபடி வந்து மேஜைமேல் வைத்தார். வழியெல்லாம் எங்கள் காரின் பின்சீட்டில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆசிரியர் ஒரு பெட்டியைத் திறந்து நாலைந்து அட்டைகளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"கையால எழுதின மூலம். போதும்யா, ஜெயிச்சுட்டோம். நாளைக்கே அந்த 'ஒருவர்' மேல நாம கேஸ் போடறோம். புஸ்தகத்தைக் கடையிலேர்ந்து தூக்க வெக்கிறேன். மூலம்னு நம்மகிட்ட இருக்கிறது இவ்வளவும் உங்களோடதுதானே?"

தலையாட்டினால் போதும். தேதி சார் தேதி சாராகவே வீட்டுக்குப் போகலாம். அவர் தலை லேசாக அசைந்ததைக்கூடப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அண்ணி கைப்பையைத் திறந்து ஜூலை இருபதின் அட்டையை எடுத்தார். பின்பக்கம் மேலே இருக்கும்படி அவர் முன்னால் வைத்தார்.

"இது உங்க டிராயர்ல இருந்தது சார். பெட்டியில சேர்த்துடுங்க."

தேதி சார் குனிந்தார். முதல் வருடத்தில் விரலை வைத்தார். இல்லை. அடுத்த வருடம். இல்லை. விரல் வரிவரியாக இறங்கியது. பதினெட்டு 'இல்லை'களையும் அவர் ஒன்றைக்கூட விடாமல் படித்தார். வெறுமையாக இருந்த கடைசி வரியில் வந்து விரல் நின்றது. அதை நிரப்பாமல் அந்த அம்மா டிராயருக்குள் அனுப்பியிருந்தார். இந்த ஒரு தடவையாவது வேறு சொல் எழுதலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார் தேதி சார். இந்த வருடத்துக்கு எதிரே தன் கையால், மெதுவாக, 'இல்லை' என்று எழுதினார். அட்டையை ஆசிரியரிடம் நீட்டினார்.

"என்னய்யா இது? என்ன இல்லை?"

"என்னோடது இல்லை சார். இதுல ஒண்ணுகூட என்னோடது இல்லை. எல்லாம் என் சம்சாரம் எழுதினது." தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு எங்க கல்யாண நாள்."

ஆசிரியர் நனைத்த பிஸ்கட் டீக்குள் விழுந்து மூழ்கியது. மாலை ஐந்து மணிக்கு நடந்த அந்த நிகழ்வை எந்த அட்டையிலும் யாரும் குறிக்கப் போவதில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

* * *

ஆசிரியர் பேச்சில்தான் மிச்சம் பிடிப்பவர், காரியத்தில் இல்லை. அன்று மாலையே அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டார். பெட்டியைத் தொடர அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்ததாகக் கேள்வி. ஆசிரியர் தேதி சாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 'திருத்தங்கள்' என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறது, அதைக் கொடுத்தார். அனுபவத்துக்கு ஏற்ற வேலை.

மறுநாள் காலை அண்ணி பேப்பரைப் பிரித்து அந்த மூலையை எனக்கு வாசித்துக் காட்டினார். பத்தொன்பது வருடத்தில் தேதி சார் சொந்தமாக எழுதிய முதல் செய்தி.

'நேற்றைய "இதே நாளில்" பகுதியில் வெளியான கோபுர மணிகள் பற்றிய செய்தி தவறு. அன்று நடைபெற்றது ஒரு திருமணம். இருபத்து இரண்டு ஆண்டுகளாக அதைக் குறிப்பிடத் தவறியதற்கு வருந்துகிறோம்.'

"இருபத்து ரெண்டா?" என்றேன்.

"விடு. பழக்கமில்ல." அண்ணி பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் வருஷா வருஷம் எங்க கல்யாண நாளுக்குக் காலைல ஆறு மணிக்கு மெசேஜ் அனுப்பறாரே, அது அவராவா எழுதறார்?"

"அவர்தான் அண்ணி."

"அவருக்கு ஏழு மணிக்கு முன்னாடி விடியாதே."

நான் டீ வாங்கக் கீழே போய்விட்டேன்.

அதற்கு அடுத்த நாள் எட்டாம் பக்கத்தில் பெட்டி வந்திருந்தது. தலைப்புக்குக் கீழே முதல் வரி, 'திருத்தத்துக்குத் திருத்தம்: இருபத்து மூன்று ஆண்டுகள்.' அதற்குக் கீழே நிகழ்வுகள். எண்ணிப் பார்த்தேன், நான்குக்குப் பதில் மூன்றுதான் இருந்தன. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில், பெட்டியின் முழு அகலத்துக்கு, தடித்த எழுத்தில் தொகுத்தவரின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

இடம் இருந்திருக்கிறது.